அரை வரிக்காரி

என் வீட்டுக்காரர் செல்வதுரையைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்வேன். என்ன, கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எடையில் ஏமாற்ற மாட்டார், யாரிடமும் முகம் சுளித்துப் பேச மாட்டார். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் ஊர் சும்மா விடுமா? பிடித்து ஊர்த் தலைவராக உட்கார வைத்துவிட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெற்கே, வயல் முடிந்து செம்மண் தேரி தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. போலீஸ் உண்டு, கோர்ட் உண்டு. இருந்தாலும் பாதைத் தகராறு, வேலித் தகராறு எல்லாம் முதலில் அம்மன் கோயில் முன்னால் கூடுகிற ஊர்க் கூட்டத்துக்குத்தான் வரும். அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று முழுத் தலைக்கட்டு வரி கொடுக்கிற ஆண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பேசலாம். புருஷன் இல்லாதவள் வீட்டுக்கு அரை வரி. பாவம் என்று குறைத்தார்களாம். வரியோடு சேர்த்து அவள் வாயையும் குறைத்துவிட்டார்கள். அரை வரிக்காரி கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். அவளுக்காக நெருங்கின சொந்தத்தில் ஒரு ஆண் எழுந்து பேசுவான். அவன் சொன்னால் அவள் சொன்ன மாதிரி.

சீனித்தாயின் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு, அவள் தன் வீட்டு முன்னறையிலேயே இட்லிக் கடை போட்டாள். விடிந்தால் போதும், உப்பளத்துக்குப் போகிற ஆட்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள். அந்த வீட்டுக்குப் போகிற பாதை அவள் கொழுந்தன் வேல்ராஜின் மனையை ஒட்டி வரும். அண்ணன் இருந்தவரை பேசாமல் இருந்தவன், அண்ணன் போனதும் பாதையை மறித்துச் சுவர் எழுப்ப அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினான். சீனித்தாய் எங்கள் கடை வாசலில் வந்து நின்று அழுதாள்.

“நீ போம்மா. ஊரைக் கூட்டிருவோம்” என்றார் இவர்.

கூட்டினார். “சீனித்தாய்க்கு யாருடே பேசுதது?” என்று கேட்டார். அவளுக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவனும் இல்லை. நெருங்கின சொந்தம் என்று பார்த்தால் வேல்ராஜ்தான். அட, யார் மேல் புகாரோ அவனே! ஒருத்தருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டு, அம்மனைக் கும்பிட்டு எழுந்து நின்றான் அவன்.

“எங்க மதினிக்குச் சம்மதந்தான் அண்ணாச்சி. பின்னால முடுக்கு வழியா போய்க்கிடுவாங்க.”

மதிலுக்கு அந்தப் பக்கம் “அய்யோ” என்று சீனித்தாயின் அழுகைச் சத்தம் எழுந்தது. பெண்களோடு நின்ற எனக்குக் கேட்டது. இவருக்கும் கேட்டது, ஏனென்றால் இவர் தலை ஒரு நொடி மதில் பக்கம் திரும்பியது. பிறகு தலையை ஆட்டிவிட்டார். ஊர்ச் சட்டப்படி தீர்ப்பு முடிந்தது. வேல்ராஜின் சுவரும் எழும்பிவிட்டது.

அந்த முடுக்குச் சந்தில் சாக்கடையும் உடைமுள்ளும்தான் கிடந்தன. அதைத் தாண்டிக்கொண்டு எவன் இட்லி தின்ன வருவான்? கடை படுத்துவிட்டது. சீனித்தாயின் மகள் ரம்யா நாகர்கோவிலில் நர்சிங் சேர்ந்திருந்தாள். அதை நிறுத்திவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பினாள். பஸ் வரும்வரை எங்கள் கடை நிழலில் பையோடு நின்றாள்.

“போயிட்டு வாரேன் மாமா” என்றாள் இவரிடம்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. துவரம்பருப்பு கேட்டவர்களுக்குக் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்தார். ‘என்ன செய்யுது ஒங்களுக்கு?’ என்று கேட்டால், “ஒண்ணுமில்லளா, வாயு” என்பார். வாயுவாம்! கூடவே குடித்தனம் பண்ணுகிறவளுக்குத் தெரியாதா, அது வாயுவா வேறு ஏதாவதா என்று?

இந்த நிலைமையில் பஞ்சாயத்து ஆபீசில் இலவச சட்ட உதவி முகாம் போட்டார்கள். ஆலந்தலையிலிருந்து ரோஸ் என்று ஒரு வக்கீலம்மா வந்திருந்தாள். சின்னப் பெண்தான், ஆனால் கேள்வி ஒவ்வொன்றும் சுருக்கென்று இருக்கும். சீனித்தாய் அவளிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஸ்ரீவைகுண்டத்தில் மக்கள் நீதிமன்றத்துக்கு இரண்டு பேரையும் வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது.

வேல்ராஜ் நேரே எங்கள் கடைக்கு வந்தான். “அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லணும். மதினி ஊருக்கு முன்னால சம்மதிச்சாங்கன்னு. நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலியே!”

அங்கேதான் இடித்தது. எங்கள் ஊர்க் கணக்கில் அது பொய்யே இல்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “ஊர்ச் சட்டப்படி பாத்தா அவ சம்மதிச்ச மாதிரிதானளா?” என்றார். எனக்கு வந்ததே கோபம்!

“நீங்க கண்ண மூடிட்டா நானும் அரை வரிதான? எனக்கு யாரு எந்திரிச்சுப் பேசுவா? ஒங்க தம்பியா?”

இவர் தம்பியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் சொல்லித்தான் இவருக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார்.

விசாரணை அன்றைக்கு நானும் கூடவே போனேன். கூண்டு, மேடை என்று ஒன்றும் இல்லை. ஒரே அறையில் எல்லோருக்கும் நாற்காலி. நீதிபதியம்மாவுக்கு எங்கள் மூத்த மகள் வயதுதான் இருக்கும். சீனித்தாய் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்கம்மா, என்ன நடந்துச்சு?” என்றார் நீதிபதி.

சீனித்தாய் எழுந்தாள். நீதிபதியைப் பார்த்தாள், ரோஸைப் பார்த்தாள். பிறகு திரும்பி இவரைத் தேடினாள்.

“அண்ணாச்சி, நான் பேசலாமா?”

“என்கிட்ட பேச அவர் எதுக்கும்மா அனுமதி கொடுக்கணும்?” என்றார் நீதிபதி.

இவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்துவிட்டது. “அம்மா, தப்பு எம்மேலதான். இவ சம்மதம் சொல்லல. இவகிட்ட யாரும் கேக்கவே இல்ல. வேல்ராஜ் சொன்னான், நான் தலையாட்டினேன். இவ அழுத சத்தம் எங் காதுல விழுந்துச்சும்மா. விழாத மாதிரி இருந்துட்டேன்.” கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடினார். அது தோளில்தான் கிடந்தது.

“ஊரக் காட்டிக் குடுத்திட்டீரே, அண்ணாச்சி!” என்று வேல்ராஜ் கத்தினான்.

“ஆமாலே. குடுத்துட்டேன்.”

பிறகு சீனித்தாய் பேசினாள். அம்மாடி, என்ன பேச்சு! இத்தனை பேச்சை எங்கே வைத்திருந்தாளோ தெரியவில்லை. கேஸ் நடந்தால் என்னவாகும் என்று நீதிபதி விளக்கிச் சொன்னார். வேல்ராஜ் முணுமுணுத்துக்கொண்டே சுவரை எடுத்துவிடுவதாகக் கையெழுத்துப் போட்டான். அடுத்த வாரமே சுவர் போய்விட்டது.

அதோடு விட்டிருந்தால் சரி. இவருக்கு மனம் ஆறவில்லை. கொடைக்கு முன்னால் கூட்டம் போட்டு, “இனிமே அரை வரியும் வேண்டாம், மதிலுக்கு அங்கன நிக்கவும் வேண்டாம். அவங்கவங்க வந்து உக்காந்து, அவங்கவங்க வாயாலயே பேசட்டும்” என்றார். கோர்ட் வாசலை மிதித்து வந்து ஊருக்குப் புதுச் சட்டம் போடுகிறாரா என்று கிழடுகள் சில எகிறின. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். இளவட்டப் பையன்கள் தூக்கினதில் தீர்மானம் எப்படியோ தப்பித்துத் தேறியது. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கூச்சத்தோடு வந்து ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். இவர் முகத்தில் பல மாதம் கழித்து ஒரு தெளிச்சி வந்தது.

“சீனித்தாய், மொதல்ல நீ பேசும்மா” என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“அண்ணாச்சி, எங்கிட்ட அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தீயன்னா, எம் மவ படிச்சு முடிச்சிருப்பால்லா?”

பதில் சொல்ல இவர் எழுந்தார். கூட்டம் கலைந்து, பையன்கள் ஜமுக்காளத்தைச் சுருட்டி எடுக்கிற வரைக்கும் இவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.