ஏழாவது கட்டம்

அலுவலகத்தில் அவருக்குக் 'கறார்' என்று பெயர். பதினெட்டு வருஷமாக மென்பொருள் எழுதுகிறவர். அவர் செய்த படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திரை நகராது. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். அங்கிருந்து திரை ஒத்துவரவில்லை என்று புகார் வந்ததும், "சரியாப் பழகியிருக்க மாட்டாங்க, வேறென்ன?" என்று முணுமுணுத்தபடி கிளம்பினார்.

மத்தியானம். மையத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஐம்பது வயது அம்மாளின் பக்கத்தில் நாற்காலி போட்டு, காதில் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மணி அடித்தது.

எதிர்முனையில் ஒரு பெண்பிள்ளையின் அழுகை. அப்பா பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறாராம்.

"எந்தத் தெரு கண்ணு? எதிர்ல என்ன இருக்கு?"

திரை முதலில் பெயர் கேட்டது, பிறகு வயது. இடம் ஏழாவது கட்டத்தில் இருந்தது. அக்கா திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை சொன்ன இடத்தைத் துண்டுக் காகிதத்தில் கிறுக்கி, வண்டி அனுப்புகிறவர் பக்கம் தள்ளினார்.

"வண்டி கிளம்பிடுச்சு. அப்பாவை மல்லாக்கப் படுக்க வை. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு வேகமா அழுத்து. நான் எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு..."

ஆறு நிமிஷம். அந்தக் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அழுத பிள்ளை கூடவே எண்ணத் தொடங்கியது. கடைசியில் வண்டியில் போனவர் யாரோ, "நாடி இருக்கு, தூக்குங்க!" என்று கத்துவது கேட்டது. கறார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அக்காவோ ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, காகிதத்தைப் பார்த்துக் கட்டங்களை நிரப்ப ஆரம்பித்தார். வயதுக்கு நேராக ஒரு சைபர்.

"சைபர் எதுக்குக்கா?"

"எதையாவது போடலேன்னா இது விடாதே தம்பி. எல்லாரும் அப்படித்தான் போடறோம்."

கறாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள், மையத்தில் உட்கார்ந்து பார்த்துத் திரையை மாற்றி எழுதலாம் என்று கறார் கேட்டதற்கு, அலுவலகத்தில் அவருடைய மேலாளரம்மா ஒத்துக்கொள்வதாயில்லை. "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை புதுசா ஏதாவது செஞ்சு காட்டியாகணும். இதுல அங்க போய் உட்கார நேரமேது?"

"அந்த ரெண்டு வாரத்துல முதல் ரெண்டு நாள் ஒரு வரிகூட எழுத வேணாம் மேடம். போய்ப் பார்ப்போம். காகிதத்துல வரைஞ்சு அவங்க கையில கொடுப்போம். அவங்க சரின்னா எழுதுவோம்."

மல்லுக்கட்டி, அப்படிச் செய்து பார்க்க ஒரு மாதம் வாங்கினார். அவர் வரைந்த முதல் படத்தை அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவதில் நாலு கட்டங்களைத் தொட்டு, "இது எதுக்கு?" என்றார். கறாரே அவற்றைப் பேனாவால் அடித்துவிட்டார். மூன்றாவதில் இடம் மட்டும், பெரிதாக. மற்றதெல்லாம் வண்டி கிளம்பிய பிறகு, விருப்பம் இருந்தால்.

"இப்பத்தான் நாங்க பேசற மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

மாதம் முடிந்ததும் மேலாளரம்மா அந்த இரண்டு நாளை வேலைத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டார். அடுத்து எழுத வேண்டியது ஓட்டுநர்களுக்கான வழிகாட்டித் திரை. கறார் கணினியைத் திறக்கவில்லை. நேராகப் போய் ஆம்புலன்ஸின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.