காதோடு சொன்ன ரிசல்ட்

குரோம்பேட்டையில் ராஜகோபாலன் டாக்டரின் கிளினிக்கை ஒட்டி நான் மருந்துக்கடை வைத்திருந்தேன். கிளினிக்கின் பின்னால் இருந்த லேபில் ரத்தம் எடுப்பவர் செல்வமேரி. எடுத்ததை அங்கேயே பரிசோதிப்பார். பிறகு நோயாளியைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, காதோடு சொல்வார். கட்டிய மனைவி வந்து கேட்டாலும் வாய் திறக்கமாட்டார். வம்புக்கு அலையும் என்னாலேயே அவர் வாயிலிருந்து ஒரு சேதியைப் பிடுங்க முடிந்ததில்லை.

தொண்ணூற்று மூன்றில் டாக்டருக்குச் சிக்கனம் பிடித்துக்கொண்டது. எய்ட்ஸ் பரிசோதனைக்கு இங்கே கிட் வாங்க வேண்டாம், ரத்தத்தை நகரத்துப் பெரிய லேபுக்கு அனுப்பிவிடு என்றார். அந்த லேபுக்குப் பெயரோடு போன் நம்பரும் வேண்டும். அப்போது எத்தனை வீட்டில் போன் இருந்தது? பம்மல் தோல் ஷெட்டில் வேலை பார்த்த ரத்தினம், குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் செய்யும் பரிசோதனைகளுக்காக ரத்தம் கொடுக்க வந்தான். எல்லோரையும் போல அவனும் வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தான். அதைப் பி.பி. நம்பர் என்போம். அந்த வீட்டில் போனை எடுப்பவர் நம்மைக் கூப்பிட்டுவிட வேண்டும்.

லேபிலிருந்து பேசிய புண்ணியவான் கூப்பிட்டுவிடச் சொல்லவில்லை. வீட்டுக்காரம்மாவிடமே, "ரத்தினத்துக்கு எய்ட்ஸ் இருக்கற மாதிரி தெரியுது, இன்னொரு தடவ பாக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டான். அந்த அம்மாள் முன்பாதியைத் தெருவுக்குச் சொன்னார், பின்பாதியை விழுங்கிவிட்டார். சாயங்காலம் குழாயடியில் ரத்தினத்தின் மனைவி காந்திமதியின் குடத்தைக் காலால் தள்ளினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மறுநாள் ரத்தினம் ரயில் தண்டவாளத்தில் கிடந்தான்.

அனுப்பியது போக மிச்ச ரத்தம் செல்வமேரியின் ஃபிரிட்ஜில் இருந்தது. தானே ஒரு கிட் வாங்கிவந்து பார்த்தார். நோய் இல்லை. நம்பாமல் வேறு கம்பெனி கிட்டிலும் பார்த்தார். அதிலும் இல்லை.

அன்றிலிருந்து அவர் கண்ணுக்கு ரத்தினம் தெரிய ஆரம்பித்தான். "பஞ்ச கையில அழுத்திக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்கான் அண்ணா. ரிசல்ட் இன்னான்னு கேக்கறான்" என்பார். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பெஞ்சில் உட்காருவதை விட்டுவிட்டேன். இனி ஒரு சொட்டு ரத்தமும் இந்த அறையைத் தாண்டாது என்று அவர் டாக்டரிடம் சொன்னபோது, டாக்டர் தலையாட்டியதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பம்மலுக்குப் போனார். காந்திமதி அதே தெருவில் அண்ணன் வீட்டில் இருந்தாள். செல்வமேரி அவளை ஓரமாக அழைத்துக் காதோடு சொன்னார்.

அவள் அழவில்லை. "இத இன்னாத்துக்குக்கா எங்காதுல சொல்ற? அத மட்டும் தெரு பூரா சொன்னாங்கல்ல? ரோட்ல நின்னு சொல்லுக்கா."

செல்வமேரி நடுத்தெருவுக்குப் போய் நின்றார். "ரத்தினத்துக்கு எந்த நோயும் இல்ல!" என்று கத்தினார். ஒவ்வொரு வீடாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"இன்னும் சவுண்டா சொல்லுக்கா" என்றாள் காந்திமதி.