மஞ்சள் குடித்த ஏ.பி.எஸ். மொடியூல்

கராஜைத் திறந்ததும் திறக்காததுமாகச் சிவம் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். போன வாரம் நான் திருத்திக் கொடுத்த கார். ஏ.பி.எஸ். லைட் மறுபடியும் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம்.

"அண்ணை, பேசாதேங்கோ. நான் ஒண்டும் செய்யேல்லை," என்றான், நான் வாய் திறக்க முன்னமே.

சிவம் நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்கு ஹயர் ஓடுகிறவன். பழைய ஜப்பான் கார், சொந்தக் கார். எச்சரிக்கை லைட் எரியும் வாகனத்தில் ஆட்களை ஏற்றக் கூடாது என்று அங்கே வந்த புது மனேஜர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை எல்லா வாகனத்தையும் பார்ப்பாராம். லைட் எரிந்தால் சிவத்துக்கு இனி அங்கே ஓட்டம் இல்லை. அவன் வீட்டு அடுப்பு அந்த ஓட்டத்தில்தான் எரிகிறது.

தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சடாரென்று பிரேக் அடிக்கும்போது சில்லு இறுகிச் சறுக்காமல் பார்ப்பதுதான் ஏ.பி.எஸ். அந்த லைட் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் மழை ரோட்டில் கார் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

முதல் தடவை ஸ்கேன் மெஷினைக் கொழுவியபோது, பம்ப் மோட்டருக்குக் கரண்ட் போகவில்லை என்று காட்டியது. ஃபியூஸ், ரிலே, எர்த் எல்லாம் சரி. பட்டரியிலிருந்து நேரே கொடுத்தால் மோட்டர் சுற்றியது. ஆகவே பிழை ஏ.பி.எஸ்ஸை இயக்கும் மொடியூல் பெட்டிக்குள். மூடியை வெட்டித் திறந்தேன். வயதான ஒரு ஈய ஒட்டில் மயிரளவு வெடிப்பு. புதிதாக ஈயம் வைத்து, சிலிக்கன் பூசி மூடினேன். லைட் அணைந்தது.

"பேசாமல் வேற மொடியூல் போட்டிருக்கலாம்," என்று அப்போதே எங்கள் கராஜ் முதலாளி சொன்னார். இப்போது கதிரையில் இருந்தபடி சிரித்தார். "என்ன, உம்மட ஒட்டு விட்டிட்டுதோ?"

பொனட்டைத் திறந்தேன். என் ஒட்டில் ஒரு பிழையும் இல்லை. மொடியூலுக்கு வயர் போகும் கனெக்டரைக் கழற்றினேன். தண்ணீர் உள்ளே போகாமல் காக்கும் ரப்பர் காய்ந்து போயிருந்தது. பின்களில் பச்சைக் களிம்பு. அது கடற்காற்றுக்கு வழமைதான். ஆனால் அதைச் சுற்றி மஞ்சளாக ஏதோ அப்பிக் கிடந்தது. விரலில் எடுத்து முகர்ந்தேன். குசினி மணம்!

"டேய் சிவம், எஞ்சினுக்கை கறி காய்ச்சுறியோ?"

அவன் தலையைச் சொறிந்தான். "வீட்டுக்காரி மங்களாதான் அண்ணை. ஆற்ற கண்ணும் படக்கூடாதெண்டு, உப்பும் மஞ்சளும் கரைச்சு, பொனட்டைத் திறந்து தெளிச்சுக் கண்ணூறு கழிப்பாள். முந்தி வெள்ளிக்கிழமையில மட்டும். லைட் எரியத் தொடங்கினாப் பிறகு ஒவ்வொரு நாளும். நீங்கள் திருத்தித் தந்தும் அவள் விடேல்லை."

"கூப்பிடு உன்ர மனுசியை!"

மங்களா ஓட்டோவில் வந்து இறங்கினாள். நன்றாக நாலு கேள்வி கேட்கத்தான் நின்றேன். அவள் முந்திக்கொண்டாள்.

"என்ன அண்ணை, சாமி காரியத்திலயோ பிழை பிடிக்கிறியள்?"

"சாமியில பிழையில்லை தங்கச்சி. உப்புத் தண்ணியிலதான் பிழை. இஞ்ச பாருங்கோ, அரிச்சுப்போட்டுது."

பின்களைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"போன மாரி மழையில கிண்ணியாப் பாலத்தில இவர் ஒரு லொறிக்குப் பின்னால மோதப் பாத்து, மட்டுமட்டாத் தப்பினவர். அண்டைக்குப் பிடிச்ச பயம் அண்ணை. இப்ப இவற்ற பிழைப்புக்கு நானே உலை வைச்சிட்டனோ?"

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. "கண்ணூறு கழியுங்கோ, ஆர் வேண்டாமெண்டது? பொனட்டைப் பூட்டிப்போட்டுக் கழியுங்கோ," என்றேன்.

களிம்பைச் சுத்தம் செய்து, காயவைத்து, புது ரப்பர் போட்டேன். லைட் அணைந்தது. மூன்று பேருமாகச் சாம்பல்தீவுப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனோம். ஆளில்லாத கிரவல் ரோட்டில் சிவத்தைப் பிரேக்கில் ஏறி மிதிக்கச் சொன்னேன். கடகடவென்று சத்தம். கார் நேரே நின்றது.

"ஐயோ, உடைஞ்சிட்டுதோ?" மங்களா பின் சீற்றில் அலறினாள்.

"இல்லை தங்கச்சி. ஏ.பி.எஸ். வேலை செய்யிற சத்தம் அது."

சிவம் ஸ்டீயரிங்கை விடாமல் என் பக்கம் திரும்பினான். "அண்ணை, லொறிக்குப் பின்னால போன அண்டைக்கும் பெடல் இப்பிடித்தான் காலுக்குக் கீழ உதறினது."

"அப்ப உங்களைக் காப்பாத்தினது இதுதானோ?" என்றாள் மங்களா. "இதுக்கு மேலயோ நான் உப்பு ஊத்தினனான்!" அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை மனேஜர் பார்த்து ஓம் என்றுவிட்டார். அன்றைக்கே சிவத்துக்கு ஓட்டம் கிடைத்தது. முதலாளி எனக்கு ஒரு பிளேன்ரீ சொல்லிவிட்டார். அந்தத் தேத்தண்ணீரைச் சந்தோசமாகக் குடித்தேன்.

பிள்ளைகளே, திருத்திய வாகனம் திரும்பி வந்தால் ஸ்கேன் மெஷினை எடுக்க முதல் அந்த வீட்டாரைக் கேளுங்கள். சத்தம் போடாமல் கேளுங்கள். அன்றைக்கு மங்களாவை நான் ஏசியிருந்தால் அவள் பாலத்துக் கதையைச் சொல்லியிருக்க மாட்டாள். வீட்டுக்குப் போய், எனக்கும் சேர்த்துக் கண்ணூறு கழித்து, இன்னும் இரண்டு கை உப்பு கூடப் போட்டிருப்பாள்.