அந்த ஜாயிண்டைக் கெடுத்தவன் நான்

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. திதிக்கு வரும் உறவினர்களும் சிநேகிதர்களும் கையில் வாங்கும் இந்தச் சிறு புத்தகத்தில் அவருடைய பெருமைகளை எழுதும்படி வீட்டார் என்னைக் கேட்டார்கள். பெருமைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவர் பேரில் ஒரு பழியும் ஊரில் உலவியது. அது அவருடையதல்ல, என்னுடையது. அதை மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் எழுத எனக்குக் கை கூசுகிறது.

ஆம்பூருக்கு அருகே பாலாற்றங்கரையில் ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார். நான் அவருக்குப் பத்து வருஷம் இளையவன். தகப்பனார் இறந்தபோது எனக்கு ஆறு வயது. அன்றிலிருந்து தோல் பதனிடும் ஷாப்பில் தோல் அலசும் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கியவர் அவரே. பெரிய யுத்தத்தின்போது கூலிப் பட்டாளத்தில் சேர்ந்து அரபு தேசத்துப் பஸ்ராவுக்குக் கப்பலேறினார். மண்வெட்டியோடு போனவர், மோட்டார் ஓட்டவும் அதைப் பிரித்துப் பூட்டவும் கற்றுக்கொண்டு திரும்பினார்.

ஆம்பூரில் நான் வேலை செய்த ஷாப்பின் முதலாளியே அவரை டிரைவராக வைத்துக்கொண்டார். அந்த மோட்டார், ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய சின்ன வண்டி. நாலு பேர் ஏறினால் ஒருவர் முழங்கால் இன்னொருவர் மடியில் இருக்கும். அண்ணனோ அதைத் தேர் மாதிரி வைத்திருந்தார். முதலாளியின் மருமகனைக்கூடக் காலைத் துடைத்துவிட்டு ஏறச் சொல்வார். "என்னைப் பாக்க நேரமில்ல, அதுக்கு மட்டும் தெனமும் குளியல்" என்று அண்ணி கேலி செய்வார். அண்ணன் சிரித்துக்கொண்டே இன்னொரு வாளி தண்ணீர் எடுப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கடும் ஜுரம் கண்டது. படுத்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வண்டிக்கு அடியில கியர்ப் பெட்டிலேர்ந்து பின்சக்கரத்துக்குப் போற தண்டு இருக்குது இல்ல? அதோட ஜாயிண்டுக்கு வாரம் ஒரு தபா கிரீஸ் வெக்கணும். டப்பா காலின்னா வேலூர் போய் வாங்கியா. வேற எதையும் போட்டுடாதே."

டப்பா காலியாகத்தான் இருந்தது. வேலூருக்குப் போய்வர ஒரு நாள் ஆகும். எனக்குச் சோம்பல். நான் ஷாப்பில் பதனிட்ட தோலுக்கு எண்ணெய் பூசும் வேலையில் இருந்தேன். தொட்டியின் அடியில் புங்கெண்ணெய் வண்டல் கெட்டியாகத் தங்கியிருக்கும். எண்ணெய்க்கு எண்ணெய் என்ன பெரிய வித்தியாசம் என்று அதில் ஒரு கை அள்ளி ஜாயிண்டில் அப்பிவிட்டேன். அந்த வண்டலில் தோலிலிருந்து வடிந்த, பதனிடப் பயன்படும் கடுக்காய்த் தண்ணீரும் கலந்திருக்கும். கடுக்காய்த் தண்ணீர் இரும்பில் பட்டால் கறுத்துப்போகும், இரும்பை அரிக்கும் என்பது ஷாப்பில் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மழை முடியும்வரை வண்டி கொட்டகையிலேயே நின்றது. அண்ணன் எழுந்து நடமாடத் தொடங்கிய இரண்டாம் நாள், முதலாளியின் தமக்கை வேலூர் ஆஸ்பத்திரியில் அபாயமாக இருப்பதாக ஆள் வந்தது. அவரைத் தாயாகப் பாவித்தவர் முதலாளி. வண்டியைக் கிளப்புமுன் அண்ணன் என்னிடம் கேட்டார்.

"ஜாயிண்டுக்குக் கிரீஸ் வெச்சியா?"

"வெச்சேண்ணா."

அந்த ஒரு சொல்லை நம்பி, முதலாளியை ஏற்றிக்கொண்டு அவர் வண்டியை எடுத்தார்.

பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் வண்டியின் அடியில் கீச்சென்று சத்தம் கேட்டு, தண்டு உதறத் தொடங்கியதாம். இன்னும் ஓட்டினால் தண்டு முறிந்து அடிப்பலகையைக் கிழித்துக்கொண்டு மேலே வரும் என்று அண்ணன் நிறுத்திவிட்டார். பஸ் இல்லாத வேளை. முதலாளி ஒரு மாட்டுவண்டியைப் பிடித்து வேலூர் போய்ச் சேர்ந்தபோது தமக்கையின் உயிர் பிரிந்திருந்தது.

வண்டியை மாடு கட்டி ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள். வேலூரிலிருந்து வந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, ஜாயிண்ட் இறுகிப்போயிருக்கிறது, தண்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். அறுத்தால் புதுத் தண்டு சீமையிலிருந்து வர மாதக்கணக்காகும். அண்ணன் மூன்று நாள் கேட்டு வாங்கினார். ஜுரம் விட்ட பலவீனம் தீராத உடம்போடு வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார். நான் பக்கத்தில் இருந்து கேட்டதை எடுத்துக் கொடுத்தேன்.

ஜாயிண்டின் நடுவே சிலுவை போல ஓர் இரும்புத் துண்டு, அதற்கு நான்கு கைகள். இரண்டு நாள் மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றிச் சுற்றி ஊறவைத்தார். மூன்று கைகள் அசைந்து கொடுத்தன. நான்காவது அசையவே இல்லை. பொறுமை கெட்டு நான் சம்மட்டியைத் தூக்கினேன்.

"வேணாம்டா! தண்டு வளைஞ்சா எல்லாம் போச்சு. சூடு காட்டு, வெளிக்கூடு விரியும். அப்பறமா கட்டையால தட்டலாம்."

ஊதுவிளக்கால் சூடு காட்டுவதும், மரக்கட்டையால் தட்டுவதும், ஆறவிட்டு மறுபடி மண்ணெண்ணெய் விடுவதுமாக மூன்றாம் நாள் பிற்பகல்வரை போயிற்று. கடைசியில் எந்தச் சேதமும் இல்லாமல் ஜாயிண்ட் கையோடு வந்தது. அதன் உள்ளே மைக்கூடு போல ஒரே கறுப்பு. அண்ணன் அதை விரலால் வழித்தார், தேய்த்தார், முகர்ந்தார். புங்கெண்ணெய் வாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். கோபம் இருந்தது.

அந்நேரம் முதலாளி வந்தார். "இன்னா ஆச்சு இதுக்கு?" என்றார்.

"கிரீஸ் இல்லாம இறுகிப்போச்சு மொதலாளி. நான் பாத்திருக்கணும். பாக்காம விட்டுட்டேன்."

முதலாளி சத்தம் போடவில்லை. "மோட்டார் போனா வேற வாங்கிக்குவேன். எங்க அக்கா மொகத்த எங்க போய் வாங்குறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணன் ஜாயிண்டைச் சுத்தம் செய்து பூட்டி, வண்டியை ஓட்டிப் பார்த்து, சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார். நான் பின்னாலேயே போனேன். வழியில்தான் அவர் பேசினார்.

"உன் பொண்டாட்டி நெறமாசமா இருக்கா. ரெண்டு பேரும் வேலய விட்டு நின்னா வூடு இன்னாத்துக்கு ஆவும்? வாய மூடிக்கினு நாளைக்கு வேலைக்குப் போ."

நானும் போனேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அன்று இரவு நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மோட்டார் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் தோல் முதலாளிகளே. கவனமில்லாத டிரைவர் என்ற பேச்சு எல்லா ஷாப்புக்கும் போய்விட்டது. பிறகு அண்ணன் கையில் ஒரு வண்டியும் வரவில்லை. கடைத்தெருவில் சைக்கிளும் விளக்கும் ரிப்பேர் செய்து பிழைத்தார். தெருவில் மோட்டார் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தும் நான் முதலாளியிடம் போய்ச் சொல்லவில்லை. என் குழந்தை பிறந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது. சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் மட்டும் எனக்கு வருஷா வருஷம் ஒன்று கிடைத்தது.

கடைசியில் நெஞ்சு நோயாகப் படுத்தபோது, அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அந்த ஜாயிண்டு..." என்று ஆரம்பித்தேன். "அத்த வுடுடா, கொஞ்சம் தண்ணி குடு" என்றார். மறுநாள் போய்விட்டார்.

அவரை எடுத்த அன்று முதலாளியும் வந்திருந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல மனுஷன், கை சுத்தம். அந்த ஒரு நாள்தான் கவனமில்லாம இருந்துட்டாரு" என்று கூட்டத்தில் சொன்னார். நான் எட்டித் தொடும் தூரத்தில் நின்றிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. ஊரே என்னைத் தேற்றியது.

அண்ணன் படுக்கையில் கிடந்த நாளெல்லாம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோன சிநேகிதர்களுக்கும், முறை பாராமல் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பழைய துக்கத்தை மனதில் வைக்காமல் வந்து நின்ற முதலாளி அவர்களுக்கும் நன்றி. ஐயா, என் அண்ணன் எதையும் கவனிக்காமல் விட்டவரல்ல. உங்கள் தமக்கையின் முகத்தை உங்களுக்கு இல்லாமல் செய்தவன் நான். இந்தப் புத்தகத்தின் முதல் பிரதியோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அழுவார், ஏசுவார் என்று பயந்திருந்தேன். அழவில்லை, ஏசவில்லை. "அவரு இருக்கும்போதே இத்த சொல்லியிருந்தா, ஒரு நாளாச்சும் திரும்ப வண்டி ஓட்டியிருப்பாரே தம்பி" என்றார்.