கலஹாவிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை, மீனாவைத் தூக்கிக்கொண்டு

கோப்பிச் செடிகள் செத்துப்போன பிறகு மலையில் பிள்ளை பெறுகிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. இந்த மாதத்தில் மட்டும் இரண்டு பேர் என்னிடம் வந்து, கைக்குழந்தையோடு கலஹாவிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு நடந்துபோக வழி கேட்டார்கள். அந்த வழி எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தத் தோட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. எழுதப் படிக்கவும் கொஞ்சம் வரும். அதனால் எழுதி வைக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நாங்கள் முதல்முறை இறங்கியது ஓர் ஐப்பசியில். கோப்பி இலையின் அடியில் மஞ்சள் தூள் படியத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. துரை எதையெதையோ தெளித்துப் பார்த்தார். அந்த வருஷம் காய் பிடிக்கவேயில்லை. செடிகள் விறகுக் குச்சிகளாக நின்றன. துரை பங்களாவைப் பூட்டிக்கொண்டு போனதும், எங்களை ஊரிலிருந்து கூட்டிவந்து வேலை வாங்கிய கங்காணி எங்களைக் கூப்பிட்டார்.

"கோப்பி இனி எந்திரிக்காதுப்பா. மழை கொஞ்சம் விட்டதும் ஊருக்குக் கெளம்புறோம். வர்றவங்க வாங்க."

கண்டி, மாத்தளை, தம்புள்ளை, பிறகு காடு, பிறகு மன்னார், அங்கிருந்து கடல் தாண்டி ஊருக்குத் தோணி. வந்த வழிதான். வரும்போது நானும் என் மனைவி பேச்சியும் கல்யாணமான புதிதில் சிரித்துப் பேசிக்கொண்டே நடந்த வழி. இப்போது எங்களுக்கு மீனா இருந்தாள். ஐந்து மாதக் குழந்தை, எங்கள் முதல் பிள்ளை.

மீனா பிறந்தது லயத்தில்தான், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளில். பிறந்தபோது நல்ல கனம். வேலை முடிந்து வந்து கை கழுவியதும் அவளைத் தூக்குவேன். என் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்வாள். கோப்பி வாசம் பிடித்ததோ என்னவோ, மூக்கைச் சுளித்துவிட்டு மறுபடி சப்புவாள். அந்த நாலு மாதம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். புரட்டாசியில் பேச்சிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே பாலும் போனது. லயத்தில் பால் கொடுக்கக்கூடிய வேறு பெண் யாரும் அப்போது இல்லை. கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் வைத்தோம். இரண்டு வாரத்தில் தொடையில் இருந்த மடிப்பெல்லாம் காணாமல் போயிற்று.

இனி வழியைச் சொல்கிறேன்.

தோட்டத்திலிருந்து விடியும்போதே இறங்கிவிடுங்கள். கலஹாவிலிருந்து பேராதனை பத்து மைலுக்கு மேல். முதல் பாதி முழுக்க இறக்கம். மழைக்காலத்தில் அட்டை அதிகம், குழந்தையின் பாதம் வெளியே தெரியாமல் சுற்றிக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் இருபது பேர் வரை இருந்தோம். பேச்சிக்கு உடம்பு தேறவில்லை, அடிக்கடி உட்கார்ந்தாள். கங்காணி முன்னால் போய் நின்று திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்காமல் அவள் எழுந்துவிடுவாள்.

வழியில் ஒரு சிங்களக் கரத்தைக்காரர் வண்டியை நிறுத்தினார். கோப்பி மூட்டை ஏற்றிப் போகும் மாட்டுக் கரத்தை, அன்று பாதிக்கு மேல் காலி. "நங்கி, ஏறு" என்று பேச்சியிடம் கை காட்டினார். நங்கி என்றால் தங்கச்சி. அவள் ஏறி உட்கார்ந்தபின் குழந்தையின் முகத்துத் துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு பேராதனை வரும்வரை மாட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இறங்கும்போது நான் சல்லி நீட்டினேன். வாங்காமலே போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வாங்கியிருந்தால் குழந்தை பிழைக்கும் என்று அவர் நினைப்பதாக எடுத்துக்கொண்டிருப்பேன்.

பேராதனையில் பாலத்தைத் தாண்டாதீர்கள், அது கொழும்பு வழி. வலப்பக்கம் திரும்பினால் கண்டி நாலு மைல், நல்ல தெரு. பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். வழிப்போக்கர் தங்கும் அம்பலம் இருக்கிறது, கூரை ஒழுகாது. கண்டியில் பசும்பால் கிடைக்கும். நாங்கள் வாங்கிக் காய்ச்சி, தண்ணீர் கலந்து கொடுத்தோம். மீனா நாலு மடக்குக் குடித்தாள், அப்படியே கக்கிவிட்டாள். மறுபடி கொடுத்தோம், மறுபடி கக்கினாள். அதன்பின் அவள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை கட்டுகஸ்தோட்டைக்கு நடந்தோம். மூன்று மைல்தான். மீனா அழவேயில்லை. பேச்சி கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கன்னத்தைத் துடைப்பதுபோல் விரலை நகர்த்திக்கொள்வாள்.

மகாவலிப் பாலத்தைத் தாண்டியதும் கடைகள். கூட்டம் அங்கே அரிசி வாங்க நின்றது. நான் ஒரு மளிகைக் கடையில் கற்கண்டு கேட்டேன். கடைக்காரர் பெயர் காசீம், என்னைவிடச் சற்று மூத்தவர். கடைக்குப் பின்னால் அவர் வீடு. உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, பிறகு அடங்கியது. உள்கதவின் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அந்தப் புள்ள ஏன் அழுவுதில்ல?"

காசீமின் மனைவி சபியாதான் அது. திரையை விலக்கிப் பேச்சியின் கையில் கிடந்ததைப் பார்த்தார். "உள்ளுக்கு வா புள்ள" என்று பேச்சியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

நான் கடை வாசலில் நின்றேன். காசீம் எனக்கு ஒரு பெட்டியை நகர்த்தி உட்காரச் சொன்னார். அவருடைய மகனுக்கு ஏழு மாதம் என்றார். பிறகு பருப்பு நிறுத்தார். வெகுநேரம் உள்ளே சத்தமே இல்லை. திடீரென்று ஒரு குழந்தை வீறிட்டது. அது என் மகள் குரல். நான் அதைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. பெட்டியிலிருந்து எழுந்தவன், எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

கங்காணி வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"வேற சாதிப் பாலக் குடிச்ச புள்ளைய ஊருக்கு எப்பிடிக் கொண்டு போவ?"

"உசுரோட கொண்டு போறேங்க."

"இன்னும் பத்து நாள் நடை இருக்கு. பாதி காடு. அங்க யாரு பால் குடுப்பா?"

அவர் கெட்டவர் இல்லை. மீதி ஆட்களையும் அவர் பார்க்க வேண்டியிருந்தது. அரிசி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மாத்தளைத் தெருவில் போனார்கள். எங்கள் ஊர்ப் பேச்சுப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

காசீம் வீட்டுப் பின்பக்கத்துக் கொட்டிலில் இடம் கொடுத்தார். நான் கடைக்கு மூட்டை இறக்கினேன், பேச்சி நெல் குற்றினாள். சபியா இரண்டு குழந்தைகளுக்கும் பால் கொடுத்தார். கார்த்திகை முடிவதற்குள் மீனாவுக்குக் கன்னம் வந்துவிட்டது. நான் நன்றி சொல்லப் போனபோது காசீம் தடுத்தார்.

"எங்கட மார்க்கத்துல பால் குடிச்சா அவளும் எங்கட புள்ள தான். மகனுக்குத் தங்கச்சி. நீங்க ஒண்டும் செல்ல வேணாம்."

நல்ல மனதோடு சொன்னார். உரலருகே நின்ற பேச்சியின் கை மட்டும் நின்றுவிட்டது.

மீனா பசித்து அழும்போதெல்லாம் பேச்சிதான் முதலில் ஓடுவாள். தூக்குவாள். குழந்தை அவள் மார்பில் முகத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு இன்னும் பலமாக அழும். பிறகு சபியாவிடம் கொடுப்பாள். கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பாள், போகமாட்டாள். மீனா குடித்துக்கொண்டே சபியாவின் காதுத் தோட்டைப் பிடித்து விளையாடுவாள்.

தை மாதம் ஒரு நண்பகலில் கொட்டிலில் பேச்சியும் இல்லை, மீனாவும் இல்லை. சபியா வாசலில் நின்று, "எங்க போனாவோ தெரியல்லியே" என்று கையைப் பிசைந்தார். நான் மாத்தளைத் தெருவில் ஓடினேன். கடைகளெல்லாம் முடிந்த இடத்தில் ஒரு பலாமரத்தடியில் பேச்சி உட்கார்ந்திருந்தாள். துணி மூட்டை பக்கத்தில் இருந்தது. மீனாவை மார்போடு வைத்திருந்தாள். குழந்தை கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது.

"எங்க போற?"

"ஊருக்கு."

"தனியாவா?"

"எம் புள்ளையோட."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டிகள் போயின. குழந்தை சற்றே ஓய்ந்து, மறுபடி தேடி, மறுபடி அழுதது.

"சப்புனா வரும்னு சொன்னாங்க" என்றாள் பேச்சி. "காலையில இருந்து சப்புறா."

"வா, போவோம்."

"எத்தன நாளு சொன்னாரு கங்காணி?"

"பத்து நாளு."

அவள் மீனாவின் வாயைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. பிறகு எழுந்தாள். மூட்டையை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு முன்னால், நான் எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தில் நடந்து போய், சபியாவின் மடியில் அவளே குழந்தையை வைத்தாள். "பசிச்சீக்கி" என்றார் சபியா. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கண்டிப் பக்கம் வேலை குறைந்தது. கோப்பியே இல்லாதபோது மூட்டை ஏது? காசீமின் கடையிலும் வியாபாரம் இல்லை. எங்களுக்கும் சேர்த்து அவர் சோறு போடுவது எனக்கே பொறுக்கவில்லை. கலஹாப் பக்கம் கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மீனாவைச் சபியாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மலை ஏறினோம். மீனா பால் மறந்ததும் வந்து தூக்கிப்போவது என்று பேச்சு. பேச்சிதான் அதைச் சொன்னாள். நான் சொல்ல அவள் விட்டிருக்கமாட்டாள்.

மறுவருஷம் தூக்கிவந்தோம். மீனா நடக்கத் தொடங்கியிருந்தாள். அப்போது லயத்தில் சீதபேதி. எங்கள் வரிசையிலேயே இரண்டு குழந்தைகள் போயின. மீனா சோறு தின்னவில்லை. கதவைப் பார்த்து "உம்மா, உம்மா" என்று சபியாவைக் கேட்டு அழுதாள். அவளுக்கும் வயிறு போகத் தொடங்கிய அன்று காலை, என்னிடம் கேட்காமலே பேச்சி அவளை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். பேராதனையிலும் உட்காரவில்லை, கண்டியிலும் உட்காரவில்லை. சாயங்காலம் சபியா கையில் கொடுத்தபோது மீனா சிரித்தாள். ஒரு வாரத்தில் தேறினாள்.

"இனிமே தூக்கிட்டுப் போக வேணாங்க" என்றாள் பேச்சி, திரும்பும் வழியில். "அங்க தூக்கிட்டுப் போயி என்னத்தக் குடுக்கப் போறோம்?"

எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. லீவு கிடைக்கும்போதெல்லாம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். மீனாவுக்கு இப்போது மூன்று வயதாகிறது. எங்களைத் தெருவில் கண்டதும் அண்ணன் கையை விட்டுவிட்டு உள்ளே ஓடுவாள். "உம்மா, மலைக்காரங்க வந்தீக்காங்க."

"மலைக்காரங்க இல்ல மகள், அது ஒங்கட அம்மா" என்று சபியா ஒவ்வொரு முறையும் திருத்துவார். மீனா வெட்கப்பட்டு அவர் சேலைக்குள் முகத்தை மறைப்பாள்.

போன மாதம் சபியா வாய் திறக்கும் முன்பே பேச்சி முந்திக்கொண்டாள். குனிந்து, மீனாவின் முகத்துக்கு நேராக, "ஆமாங்க, மலைக்காரங்க தான். நடந்து வந்தோம். கொஞ்சம் தண்ணி குடுக்குறீங்களா?" என்றாள். மீனாவுக்கு அது பிடித்திருந்தது. உள்ளே போய்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்து, பாதியைத் தரையில் சிந்தி, மீதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். முதல்முறையாகத் தானாகவே பேச்சியின் பக்கத்தில் வந்து நின்றாள், குடித்து முடிக்கும்வரை. பேச்சி மெதுவாகக் குடித்தாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மழையில் போவதானால் கலஹாவுக்குக் கீழே வழுக்கும், ஆண்பிள்ளை முன்னால் நடக்கட்டும். கண்டியில் பசும்பாலை நம்பாதீர்கள். பால் வற்றிவிட்டது என்று தெரிந்தால், வரும் வரும் என்று நாங்கள் காத்திருந்ததுபோல் காத்திருக்காமல் அன்றே இறங்குங்கள். கட்டுகஸ்தோட்டையில் பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கக் கடையில் கேளுங்கள், சபியாவிடம் இப்போது பால் இல்லாவிட்டாலும் யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். குழந்தை பிழைத்துக்கொள்ளும். எங்கள் மீனா பிழைத்தாள்.