முதலில் போன்ஜூர்

பாரிஸில் இறங்கிய அன்றே கணவருக்குக் காய்ச்சல். தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மருந்துக்கடைக்குள் ஓடி, "பாரசிட்டமால்" என்றேன். கடைக்காரப் பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"முதல் போன்ஜூர் எண்டு வணக்கம் சொல்லுங்கோ தங்கச்சி. இல்லாட்டி இஞ்சை கதைக்க மாட்டினம்," என்றார் பின்னால் நின்றவர். உணவகச் சீருடை, காலணியில் மாவு, ஓரிடத்தில் நிற்காத கால்கள்.

சொன்னேன். மாத்திரை கிடைத்தது.

விடுதிக்கு வழிகாட்ட எனக்கு முன்னே விரைந்தார். எதிர்ப்பட்ட குப்பை அள்ளுபவருக்கும் ஒரு போன்ஜூர்.

"வீட்டுக்குப் போனாலும் இப்படித்தானா அண்ணா?"

"ஓம். கதவைத் திறந்த உடனை சொல்லிப்போடுவன்."

"வீட்ல யாரு இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்லை," என்றவர், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார்.

விடுதி அறையைத் திறந்தேன். கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "போன்ஜூர்" என்றேன். பதில் வரும்வரை உள்ளே கால் வைக்க முடியவில்லை.