நின்று நின்று ஓடிய மோட்டார் சைக்கிள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னது பின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் உழவு மாட்டு ஜோடியை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கியது அறுபதுகளின் தொடக்கத்தில். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊர் நாங்கள். கரிசல் நிலம் கொஞ்சம் உண்டு, மழைதான் ஏமாற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் கட்டுகள் சிவகாசி அச்சாபீஸிலிருந்து பஸ்ஸில் வரும். பஸ் தவறினால் ஒட்ட லேபிள் இல்லாமல் வேலையாட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கம்பெனி முதலாளி அண்ணாச்சி இவரிடம், "வண்டி ஒண்ணு பிடிங்க. இந்தத் தீபாவளி சீசன் முடியுற மட்டும் லேபிள் தவறாம வந்து சேரட்டும். பெறகு கம்பெனியிலயே நிரந்தரமா இருந்துக்கிடுங்க" என்றிருந்தார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் மாடு போனது.

விருதுநகரில் ஒரு மிளகாய் வியாபாரி வீட்டில் ஓட்டிப் பழசான வண்டி அது. பழசென்றாலும் புரட்டாசி வரை ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் வாசலில் சாக்கு விரித்து, இவர் வண்டியைப் பிரித்தார். பிளக்கை உப்புத்தாளால் தேய்த்தார். கார்ப்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வருகிற சின்னப் பித்தளைத் துளையை வாயால் ஊதினார். செயினுக்கு எண்ணெய் விட்டார். எல்லாம் விற்றவர் சொல்லிக்கொடுத்தபடிதான். மறுநாள் என் மாமியார் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, முன்விளக்கில், டாங்கியில், பெட்ரோல் மூடியின் மேல் என்று அப்பிக் குங்குமம் வைத்தார்.

அதற்கு அடுத்த நாள் லேபிள் எடுக்கப் போனவர் பொழுது சாயத்தான் வந்தார். வெம்பக்கோட்டை வருவதற்குள் வண்டி இருமி இருமி நின்றுவிட்டதாம். மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து, மூடிவிட்டு உதைத்தால் கிளம்பியதாம். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இருமல்.

"நான் பிரிச்சதுலதான் என்னமோ ஆகிப்போச்சு" என்றார். அந்த எண்ணம் அவரை விடவே இல்லை. திரும்பத் திரும்பக் கார்ப்பரேட்டரைக் கழற்றினார், ஊதினார், மாட்டினார். டாங்கியில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று பெட்ரோலை வடித்து வேட்டித் துணியில் வடிகட்டினார். சாத்தூருக்குத் தள்ளிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் போனார். அங்கே மெக்கானிக் டாங்கியைத் திறந்து பார்த்துவிட்டு உதைத்தால், வண்டி கடை வாசலில் நன்றாக உறுமியது.

"என்னண்ணே, ஒங்க வண்டிக்கு என் கடையை விட்டுப் போக மனசில்ல போல" என்று சிரித்தானாம். பிளக்கை மட்டும் புதிதாக மாற்றிக்கொடுத்தான். திரும்பி வரும் வழியிலேயே நின்றது.

"கண்ணு பட்டிருக்குலே" என்றார் மாமியார். "மாட்டை வித்து வண்டி வாங்கிட்டான்னு ஊரே வயிறெரியுது." வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் வைத்தார். பூசை போட்டதை அழிக்கக் கூடாதென்பார். வண்டியும் நாளுக்கு நாள் மோசமாகி, கடைசியில் ஊர் முனையில் இருக்கிற ஊரணியைத் தாண்டுவதற்குள்ளேயே நிற்க ஆரம்பித்தது.

தெருவில் ஒருத்தர் கேட்டார்: "மாப்ளே, மாடுன்னா ரெண்டு போட்டாவது ஓட்டலாம். இதை என்ன செய்வீக?"

இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

தீபாவளி நெருக்கத்தில் மழை பிடித்தது. வண்டி நடுவழியில் நின்றபோது ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கட்டு முழுக்க நனைந்து, லேபிளில் சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று ஊறிப்போனது. கம்பெனி வாசலில் லோடு ஏற்ற லாரி நின்றதாம். அண்ணாச்சி கோபப்படவில்லை.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டாராம். பிறகு, "ஒங்களைக் குத்தம் சொல்லலை. நாளையில இருந்து லேபிள் பஸ்லயே வரட்டும்" என்றாராம்.

இதை இவர் என்னிடம் சொன்னபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், துவட்டவில்லை.

அந்த வருடம் பார்த்து மழை நன்றாகப் பெய்தது. எல்லார் நிலத்திலும் உழவு ஓடியது. மாடில்லாமல் எங்கள் நிலத்தை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டோம்.

கார்த்திகையில் அச்சங்குளத்திலிருந்து ஒருவர் வண்டியை வாங்க வந்தார். இவர் எதையும் மறைக்கவில்லை. "நின்னு நின்னுதான் போகும்" என்றார். வந்தவர், "பழசுன்னா அப்படித்தான். இதென்ன, கோயில் சாமி மாதிரி அப்பி வெச்சிருக்கீக? இதோட நான் எப்படி ரோட்டுல போக?" என்று தண்ணீர் கேட்டார். செம்பில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். அவர் ஈரத்துணியால் தேய்த்தார். மூடியின் மேல் சந்தனம் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிக் கிடந்தது. அது பெயர்ந்த இடத்தில், ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை தெரிந்தது. அவர் அதைக் கவனித்த மாதிரி இல்லை. உதைத்தார், கிளம்பிவிட்டார்.

"ஊரணி தாண்டாது, பாரு. திரும்பி வந்து சண்டை போடப்போறாரு" என்றார் இவர்.

இருவரும் காது கொடுத்து நின்றோம். சத்தம் ஊரணியைத் தாண்டியது. மெயின் ரோட்டில் ஏறியது. இருமவே இல்லை. தூரத்தில் மெலிந்து மெலிந்து கேட்காமல் போகிறவரை இவர் அசையவில்லை.

"அந்த மூடியில ஓட்டை இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க" என்றேன்.

உள்ளே போய்ப் படுத்துவிட்டார். தன் அம்மாவிடம் அவர் இதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தை பிறந்ததும் அதே கம்பெனிக்குப் பெட்டி தூக்கும் கூலியாகப் போனார். கடைசிவரை அதுதான் வேலை.

மாதங்களையும் வழியையும் நான் மாற்றி எழுதியிருக்கலாம். யாராவது சரிபாருங்கள். அதைவிட, வண்டி தெரிந்தவர்கள் ஒன்று பார்த்துச் சொல்லவேண்டும். பெட்ரோல் மூடியில் அந்த ஓட்டை எதற்கு? சந்தனம் அப்பி அது அடைபட்டால் வண்டி நிற்குமா, மூடியைத் திறந்தால் கிளம்புமா? அவர் இப்போது இல்லை. இருந்தாலும், பிரித்து மாட்டிய அவர் கையில் தப்பில்லை என்றால் அது எனக்குத் தெரியவேண்டும்.